வட்டக்கானல் மலைப்பாதையில் ஒரு மாலை ஓட்டம்

பழனி மலைத்தொடரின் தென்விளிம்பில், கொடைக்கானல் நகரிலிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவில், வட்டக்கானல் என்னும் சிற்றூர் உள்ளது. கொடைக்கானல் நகரம் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏரி, படகு, குதிரைச் சவாரி, கடைவீதி என்று அங்கே காணும் ஆரவாரங்கள் யாவும், வட்டக்கானலை நெருங்க நெருங்க ஒவ்வொன்றாகப் பின்தங்கிவிடுகின்றன. பாம்பாறு என்னும் ஓடை பாறைகளின்மீது வழுக்கி இறங்கும் ஓசை மட்டும் காதில் விழுகிறது. ஊரைக் கடந்ததும் ஒரு நடைபாதை தொடங்குகிறது. அது மரநிழல் வழியே இறங்கி, வெளிநோக்கி நீண்டு நிற்பதால் ‘டால்பின் மூக்கு’ என்று பெயர் பெற்ற பாறையை அடைகிறது. அங்கிருந்தும் இறங்கி, வெள்ளகெவி என்னும் மலைக்கிராமத்தைத் தொட்டு, இறுதியில் பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரை அடிவாரத்தில் முடிகிறது. மேலே நாம் கண்ட பாம்பாற்றின் நீரே கும்பக்கரையில் அருவியாக விழுகிறது. ஓடை ஒரு வழியாகவும் பாதை ஒரு வழியாகவும் மலையை விட்டிறங்கி, அடிவாரத்தில் மீண்டும் சந்திக்கின்றன.

இளைஞர் உலகில் அண்மைக் காலத்தில் ஒரு புதிய ஆர்வம் பரவி வருகிறது. மைதானத்திலும் தார்ச்சாலையிலும் ஓடுவதை விடுத்து, காட்டுப்பாதையிலும் மலைச்சரிவிலும் ஓடுவதில் அவர்கள் மகிழ்ச்சி காண்கின்றனர். ‘டிரெயில் ஓட்டம்’ என்று அதனை அழைக்கின்றனர். நம் பங்கின் இளைஞரும் இதற்கு விலக்கல்லர். சென்ற தை மாதத்தில் அவர்களுள் ஏழு பேரை மூன்று நாள் முகாமுக்காகக் கொடைக்கானலுக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தது. ஒரு மாலைப்பொழுதில் வட்டக்கானல் பாதையில் ஓட வேண்டும் என்பது அவர்களுடைய விருப்பம். புறப்படுவதற்கு முன்னரே ஒரு தாய் நம்மிடம் வந்து, “சாமி, பொம்பளப் பிள்ளைய மலையில ஓட விடலாமா? விழுந்து கிழுந்து வச்சா என்ன செய்றது?” என்று கேட்டார். அக்கேள்வி நியாயமானது. இன்று பல வீடுகளிலும் எழக்கூடியது. மலையையும் பாதையையும் பற்றிச் சிறிதேனும் அறியாமல் அதற்கு விடை கூற இயலாது. ஆகவே, நாம் அறிந்தவற்றையும் அந்த மாலையில் கண்டவற்றையும் நம் குடும்பங்களின் பொருட்டு இங்கே எழுதுகிறோம்.

முதலில் பாதையின் கதையைப் பார்ப்போம். 1821-ஆம் ஆண்டில் வார்டு என்னும் ஆங்கிலேய அளவையாளர் பழனி மலையை அளந்து சென்றார். 1845-இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்தோர், சமவெளியின் வெப்பத்திற்கும் நோய்க்கும் தப்பி வாழ, கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினர். அதன்பின் சேசு சபைத் துறவியர் வந்தனர். 1866-இல் சலேத் அன்னையின் ஆலயம் எழுந்தது. 1895-இல் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரி தோன்றியது. நூற்றாண்டின் தொடக்கத்தில் சூரிய ஆய்வுக்கூடமும் தன் பணியைத் தொடங்கிற்று. இவை யாவும் மோட்டார் சாலை இல்லாத காலத்தில் நடந்தவை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். வத்தலக்குண்டு வழியாக மோட்டார் வண்டிகள் மலையேறத் தொடங்கியது 1910-களில்தான்.

அதற்கு முன் பயணம் எவ்வாறு நடந்தது? 1875-ஐ ஒட்டி மதுரைக்கு இருப்புப்பாதை வந்தபின், பயணிகள் அம்மையநாயக்கனூரில் புகைவண்டியை விட்டு இறங்குவார்கள். இன்றைய கொடைரோடு நிலையம் அதுவே. அங்கிருந்து மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கம் சென்று, மலையடிவாரத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்பை அடைவார்கள். தோப்பிலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டு மைல் செங்குத்தான ஏற்றம். கால் வலுவுள்ளவர் நடந்தனர். வசதியுள்ளவர் குதிரையில் ஏறினர். முதியவரும் பெண்களும் குழந்தைகளும் நாற்காலியிலும் டோலியிலும் சுமந்து செல்லப்பட்டனர். வண்டி ஏற இயலாத மலையில் மனிதரின் தோளும் விலங்கின் முதுகுமே ஊர்தி. கண்ணாடிச் சன்னல் முதல் ஆலயமணி வரை மேலே வந்த பொருள்கள் எல்லாம் அவ்வாறே வந்திருக்க வேண்டும். வீடு கட்டியோர் பெயர்களைப் புத்தகங்கள் கூறுகின்றன. சுமந்தோர் பெயர்களைக் கூறும் ஏடு எதனையும் நாம் கண்டதில்லை.

மலையில் ஓடுவதும் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவின் காட்டு வழிகளில் தபாலைக் கொண்டுசென்றவர்கள் ஓட்டக்காரர்களே. தோளில் பை, கையில் மணி கட்டிய ஈட்டி. மணியோசை கேட்டு விலங்குகள் விலகும். அடுத்த நிலையில் காத்திருப்பவர் பையை வாங்கிக்கொண்டு ஓடுவார். பரிசுக்கோ உடல்நலத்துக்கோ அவர்கள் ஓடவில்லை. வயிற்றுப்பாட்டுக்காகவும் கடமைக்காகவும் ஓடினார்கள்.

இனி நம் ஓட்டத்திற்கு வருவோம். மாலை நான்கு மணிக்கு வட்டக்கானலிலிருந்து புறப்பட்டோம். டால்பின் மூக்கு வரை ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். போக இறக்கம், திரும்ப ஏற்றம். இளைஞர் முன்னே ஓடினர். குருமடத்தில் கால்பந்து ஆடிய கால்கள் இவை என்று நாம் சொல்லிக்கொண்டாலும், ஐம்பதைக் கடந்த முழங்கால்கள் அதனை ஏற்றுக்கொள்வதாக இல்லை. ஆகவே எல்லாருக்கும் பின்னே, பாதி ஓட்டமும் பாதி நடையுமாகச் சென்றோம். கடைசியில் செல்பவருக்கு ஒரு நன்மை உண்டு. முன்னே செல்வோரின் கால்களையும், அக்கால்கள் மிதிக்கும் மண்ணையும் அவர் நன்கு காணலாம்.

ஓர் உண்மையை அங்கே கண்டோம். ஏறும்போது இதயமும் நுரையீரலும் உழைக்கின்றன. இறங்கும்போது தொடையும் முழங்காலும் உழைக்கின்றன. இறக்கத்தில் ஒவ்வொரு அடியிலும் உடலின் பாரத்தைத் தாங்கி நிறுத்துவது தொடைத் தசையே. அது நீண்டுகொண்டே பாரத்தையும் பிடித்து நிற்க வேண்டியிருப்பதால் மிகவும் நோகிறது. அந்நோவு அன்று தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் படியிறங்கும்போதுதான் தெரியும். ஏழு பேருள் ஒருவன் இறக்கத்தில் நீண்ட எட்டு வைத்து, குதிகாலை ஊன்றிப் பாய்ந்தான். இருமுறை சறுக்கினான். செவிலியர் பயிற்சி பெறும் பெண் ஒருத்தியோ, முழங்காலைச் சற்றே மடக்கி, சிறுசிறு அடிகளாக வைத்து, தன் கால்விரலைப் பார்க்காமல் நாலடி முன்னே பார்த்து ஓடினாள். ஓரிடத்திலும் அவள் கால் தடுமாறவில்லை. முகாமுக்கு முன் நம்மிடம் வந்து கேட்ட அன்னையின் மகள் அவள்தான்.

மண்ணும் ஒரே வகையாக இல்லை. சோலைக்காட்டின் அடியில் இலைமக்கு நிறைந்த மென்மையான மண். ஆயினும் அதனூடே வேர்கள் பின்னிக் கிடக்கின்றன, ஈரம் பட்டால் அவை சோப்புக்கட்டி போல் வழுக்கும். பைன் மரங்களின் அடியில் உதிர்ந்த ஊசியிலைகள் கம்பளம் விரித்தாற்போல் காட்சி தருகின்றன. அதனை நம்பிக் காலூன்றினால் கம்பளமே நகர்ந்துவிடும். சோலை இம்மலைக்கு உரியது. பைனும் யூகலிப்டசும் வாட்டிலும் மனிதர் கொண்டுவந்து நட்டவை. மலையின் தண்ணீர் இருப்பது சோலையில்தான். மழைநீரைப் பாசியிலும் மக்கிலும் தேக்கி, கோடையிலும் சிறுகச் சிறுக ஓடைக்கு விடுவது அதுவே. இம்மலையின் செடிகொடிகளை ஆராய்வதற்கே வாழ்வை அளித்த சேசு சபைத் தந்தை கே. எம். மேத்யூ, 1999-இல் பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டு, 2004-இல் மறைந்தார். அவர் ஓர் இலையைக் காணக் குனிந்த இடங்களை எல்லாம் நாம் காலால் தாண்டி ஓடிவிடுகிறோம். ஓடுவோர் ஓரிடத்திலாவது நின்று பார்ப்பது நல்லது.

டால்பின் மூக்கை அடைந்தபோது காற்று பலமாக வீசிற்று. பாறைக்குக் கீழே மலை செங்குத்தாக இறங்குகிறது. பெரியகுளம் பக்கத்துத் தோப்புகளும் வயல்களும் வெகு தாழ்வில், வண்ணத் துணியைத் துண்டு துண்டாக விரித்தாற்போல் கிடந்தன. சூரியன் நமக்குப் பின்னே மலையின் மேற்குப்புறம் சாய்ந்துகொண்டிருந்தமையால், மலையின் நிழல் சமவெளியின்மீது மெல்ல மெல்ல நீண்டது. நாம் நின்ற பாறை நிழலில் இருக்க, தொலைவிலுள்ள ஊர்கள் இன்னும் வெயிலில் ஒளிர்ந்தன. பகலெல்லாம் வெயிலில் சூடேறிய காற்று சரிவைத் தழுவி மேலே ஏறுகிறது. அதனோடு மூடுபனியும் ஏறி வருகிறது. கதிர் மறைந்தபின் சரிவு குளிர, கனத்த குளிர்காற்று பள்ளத்தை நோக்கி இறங்குகிறது. மாலையில் மலை ஒருமுறை மூச்சை மாற்றிக்கொள்கிறது எனலாம். வியர்வையில் நனைந்த சட்டையோடு நிற்பவரை அந்த மாற்றம் சட்டென்று நடுங்க வைத்துவிடும். பையில் வைத்திருந்த கம்பளிச் சட்டைகளை அணியச் செய்து, விளிம்பை விட்டுத் தள்ளி அமரச் செய்தோம். ஐந்து மணி ஆனதும் திரும்பினோம். இன்னும் சற்று நேரம் இருக்கலாமே என்று சிலர் கெஞ்சினர். காட்சி முடிந்ததும் திரும்புவதன்று மலையின் முறை. கடிகாரம் சொன்னதும் திரும்புவதே முறை.

திரும்பும் ஏற்றத்தில்தான் அந்த மனிதரைச் சந்தித்தோம். முதலில் குதிரைகளின் மணியோசை கேட்டது. அரிசி மூட்டையும் மளிகைச் சாமான்களும் ஏற்றிய இரண்டு குதிரைகள் மேலிருந்து இறங்கி வந்தன. பின்னே அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், தலையில் ஒரு சிறு மூட்டையோடு, வெறுங்காலுடன் வந்தார். வெள்ளகெவியைச் சேர்ந்தவர். காப்பிக்கொட்டையும் பட்டர்ப்பழமும் மேலே கொண்டுபோய் விற்றுவிட்டு, வீட்டுக்கு வேண்டியவற்றை வாங்கிக்கொண்டு திரும்புகிறார். தலைமுறை தலைமுறையாக நடைபாதை ஒன்றையே நம்பி வாழ்ந்த ஊர் அது. ஊர் முழுவதையும் கோயிலாகவே கருதி, அதனுள் செருப்பணியாமல் நடப்பது அம்மக்களின் வழக்கம். இளைஞர் சிலர் பள்ளத்தின் பக்கம் ஒதுங்கப் போனார்கள். “உள்பக்கம் நில்லுங்கப்பா! குதிரை மூட்டை இடிச்சா கெவிக்குள்ளதான் போவீங்க” என்று அவர் உரக்கக் கூறினார். எல்லாரும் மலைச்சுவரை ஒட்டி நின்றனர்.

அவர்கள் மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு நம்மிடம், “என்ன சாமி, பிள்ளைகள யாரும் வெரட்டுறாகளா?” என்றார்.

“விரட்டவில்லை ஐயா, உடம்புக்கு நல்லதென்று ஓடுகிறார்கள்” என்றோம்.

அவர் சிரித்தார். மூட்டையை இறக்கிப் பாறைமேல் வைத்தார். “நாங்களும் இதே பாதையில ஓடியிருக்கோம் சாமி. தோள்ல டோலி இருக்கும். பிள்ளைத்தாச்சியோ பாம்பு கடிச்ச ஆளோ உள்ள முனங்கிக்கிட்டு இருக்கும். நாலு பேரு தூக்குனா, தோள் மாத்த நாலு பேரு கூட ஓடணும். இன்னொருத்தன் முன்னால தீப்பந்தம் பிடிச்சு ஓடணும்.”

செவிலியர் பயிற்சி பெறும் பெண், “மேலே வந்து சேர எவ்வளவு நேரமாகும் தாத்தா?” என்று கேட்டாள்.

“நேரம் யாரு பாத்தா தாயி? ஆளு உசுரோட சேந்தாச் சரி” என்றார் அவர். சிறிது பொறுத்து, “சேராததும் உண்டு” என்றார்.

எவரும் பேசவில்லை. வழியெல்லாம் தன் கைக்கடிகாரத்தை அழுத்தி அழுத்தி, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று கணக்கிட்டு வந்த மாணவன் ஒருவன், சட்டைக்கையை இழுத்து அதனை மூடிக்கொண்டான். இருட்டுவதற்குள் ஊர் சேர வேண்டும் என்று கூறி, மூட்டையைத் தூக்கித் தலையில் வைக்க நம் உதவியைக் கேட்டார் முதியவர். தூக்கினோம். நாம் நினைத்ததைவிட அது கனமாக இருந்தது. அவர் சிறுசிறு அடிகளாக, முழங்காலைச் சற்றே மடக்கி, நாலடி முன்னே பார்த்து இறங்கிச் சென்றார்.

எஞ்சிய ஏற்றத்தில் இளைஞரின் பேச்சு மாறிவிட்டது. அவசர ஊர்தி வராத ஊரில் பிரசவ வலி வந்தால் என்ன செய்வது, டோலியில் படுத்திருப்பவரின் தலை எந்தப் பக்கம் இருக்க வேண்டும், இரத்தக் கசிவை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று அப்பெண்ணிடம் ஒருவர் மாற்றி ஒருவர் வினவினர். சாலை கேட்டுக் காத்திருக்கும் மலைக்கிராமங்களின் துயரைச் செய்தித்தாள்களில் படித்திருக்கிறோம். படித்தபோது விளங்காத ஒன்று, மூச்சு வாங்கும் நெஞ்சோடு அதே ஏற்றத்தில் நின்றபோது இவர்களுக்கு விளங்கிற்று. இதனை எந்த வகுப்பறையிலும் நம்மால் கற்பித்திருக்க இயலாது. அதற்காகவே அம்மாலை வீணாகவில்லை என்று கருதுகிறோம்.

வட்டக்கானலை அடைந்தபோது மணி ஆறை நெருங்கிக்கொண்டிருந்தது. நம் நாட்டில் அந்திப்பொழுது மிகக் குறுகியது. கதிர் மறைந்தபின் இருபது நிமிடங்களே ஓரளவு வெளிச்சம். அதன்பின் திரை விழுந்தாற்போல் இருள் வந்துவிடும். தை மாதத்தில் ஆறேகால் மணியை ஒட்டிக் கதிர் மறைகிறது. மரங்கள் அடர்ந்த பாதையிலோ அதற்கு முன்னரே மங்கிவிடும். காட்டுமாடுகள் மேய வெளிவருவதும் அவ்வேளையில்தான். கொடைக்கானல் தெருக்களிலேயே அவை உலவுவதைக் காணலாம். அமைதியானவை போல் தோன்றினும், திடீரென்று எதிரே ஓடிவரும் மனிதரைக் கண்டு மிரண்டால் பாய்ந்துவிடும்.

மலை விளையாட்டுத் திடலன்று என்பதற்கு நம் தமிழகமே ஒரு துயரச் சான்றைக் கண்டுள்ளது. 2018 மார்ச் 11 அன்று, தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், கொழுக்குமலைப் பக்கத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் இளம் வயதினர். கோடையில் மலைச்சரிவின் புல் காய்ந்து வைக்கோல் ஆகிறது. சரிவில் பற்றிய தீ, தனக்கு மேலுள்ள புல்லைத் தன் வெப்பத்தாலேயே உலர்த்திக்கொண்டு, சமவெளியில் பரவுவதைவிட வேகமாக மேலே ஏறுகிறது. எவ்வளவு விரைந்து ஓடுபவராலும் அதனை முந்த இயலாது. அந்நிகழ்ச்சிக்குப் பின் மலையேற்றத்திற்கு விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றப் பாதைகளை, முன்பதிவும் வழிகாட்டியும் கொண்ட முறையில் திறந்தது. தீக்காலத்தில் பாதைகள் மூடப்படுவதும் உண்டு. அதனை இடையூறு என்று எண்ணுவோர், குரங்கணியை ஒருகணம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் அந்தத் தாயின் கேள்விக்கு விடை என்ன? ஓட விடலாம் என்பதே நம் விடை. மகனுக்கு அனுமதித்துவிட்டு மகளைத் தடுப்பதில் நியாயம் இல்லை. மலை ஆணென்றும் பெண்ணென்றும் பார்ப்பதில்லை, கவனம் உள்ளவரையும் இல்லாதவரையுமே பார்க்கிறது. ஆனால் சில நிபந்தனைகளை வீட்டிலேயே பேசி முடிவு செய்யுங்கள். வனத்துறை அனுமதிக்காத பாதையில் செல்லலாகாது. தனியே செல்லலாகாது, மூவராவது இருந்தால், ஒருவர் விழுந்தாலும் ஒருவர் துணையிருக்க, ஒருவர் உதவி தேடிச் செல்லலாம். எந்த வழியே செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டாரிடம் சொல்லிச் செல்ல வேண்டும். திரும்பும் நேரத்தைப் புறப்படும் முன்னரே குறித்து, கதிர் மறைவதற்கு அரைமணி முன்னதாகப் பாதையை விட்டு வெளியேற வேண்டும். தண்ணீர், கம்பளிச் சட்டை, நெற்றியில் கட்டும் விளக்கு, ஊதல் ஆகிய நான்கும் பையில் இருக்கட்டும். ஏற்றத்தில் ஒரு முழு வாக்கியம் பேச முடியாதபடி மூச்சு வாங்கினால் நடக்கலாம். அதில் இழிவு இல்லை. குழுவில் மிக மெதுவாக வருபவரின் வேகமே குழுவின் வேகமாக இருக்கட்டும்.

இன்னும் ஒன்று உண்டு. கருவிகளின் பட்டியலில் அதற்கு இடமில்லை. நாம் மகிழ்ந்து ஓடும் மலைப்பாதைகளை நமக்காக எவரும் அமைக்கவில்லை. விளைச்சலைச் சுமந்தவரும், தபாலைச் சுமந்தவரும், நோயாளியைச் சுமந்தவரும் நடந்து நடந்து தேய்த்தமையால் அவை பாதைகளாயின. அவர்களுடைய வழியில் நாம் விருந்தினர். ஆகவே அன்பு வாசகர்களே, உங்கள் பிள்ளைகள் மலையில் ஓடப் புறப்படும்போது, காலணியை இறுகக் கட்டச் சொல்வதோடு இதனையும் சொல்லி அனுப்புங்கள்: எதிரே சுமையோடு ஒருவர் வந்தால், ஓட்டத்தை நிறுத்தி, மலைச்சுவரின் பக்கம் ஒதுங்கி நின்று, அவருக்கு வழிவிட வேண்டும்.